மாத்திரை முடிந்த பிறகு

காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மை. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், தலை துவட்டக் கையைத் தூக்குவதற்கு முன் சற்று நேரம் காத்திருக்கிறாள் என்பதும் உண்மை.

*

கிருமி செத்துவிடுகிறது. அது அரித்துப்போன இடம் பழையபடி ஆவதில்லை. புண் ஆறித் தழும்பாகிறது. தழும்பு மூச்சுக்கு விரிந்து கொடுப்பதில்லை. சிலருக்கு மூச்சுக்குழாய்கள் அகன்றுபோய்ச் சளி அங்கேயே தேங்குகிறது. சிலருக்கு நுரையீரலில் ஓட்டை நின்றுவிடுகிறது. அதில் பூஞ்சை வளரலாம், இருமலில் ரத்தம் வரலாம். எக்ஸ்ரேயில் பழைய தழும்பும் புதிய நோயும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். அதனால்தான் படத்தை மட்டும் பார்த்து மறுபடி டிபி மாத்திரை தொடங்கக் கூடாது, சளியைச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள்.

*

மூச்சு வாங்கும்போது கேள்வி கேட்கக் கூடாது. என்ன பண்ணுது, தண்ணி வேணுமா, ஆஸ்பத்திரி போலாமா என்று பாசத்தில்தான் கேட்கிறோம். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் ஒரு மூச்சைச் செலவழிக்க வேண்டும். "ஒண்ணுமில்லப்பா" என்ற ஒரே சொல்லை இரண்டாக உடைத்துச் சொல்வாள்.

இப்போது அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மேசையில் தலையணையை வைத்தால் அவளே முன்னால் சாய்ந்து முழங்கைகளை ஊன்றிக்கொள்கிறாள். தோளும் கழுத்தும் அந்த நிலையில் மூச்சுக்கு உதவுகின்றன. ஜன்னலைத் திறந்து, காற்று முகத்தில் படும்படி விசிறியைத் திருப்புகிறோம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நானும் மூச்சு விடுகிறேன்: மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு பங்கு நேரம் மெல்ல வெளியே விடுவது. அப்படி விட்டால் சிறு குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல், உள்ளே தேங்கிய காற்று வெளியேற வழி கிடைக்கிறது.

இதை அம்மா ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "ஊதாங்குழல் ஊதுற மாதிரிதானே, மெதுவா" என்றாள். பல வருடம் விறகடுப்பை ஊதிய வாய். அந்தப் புகையும் அவள் நெஞ்சுக்குள்தான் போயிருக்கும். எங்களுக்குச் சமைத்த புகை. இதை நினைக்கும்போது எனக்கு வேறு எந்த வேலையும் பெரிதாகத் தெரிவதில்லை.

*

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும்; விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் பூச்சு இருந்தாலோ தவறாகவும் காட்டும். 96 காட்டும்போதே இரைக்கும் நாளும் உண்டு. எண்ணைவிட முகத்தை முதலில் பார்க்கப் பழகிக்கொண்டேன்: கழுத்து நரம்பு புடைக்கிறதா, உதடு நீலம் பாய்கிறதா, ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறதா. ஆக்சிஜன் மிஷின் வாங்கிவிடலாமே என்று சொந்தக்காரர்கள் அன்போடு சொல்கிறார்கள். ஆக்சிஜனும் மருந்துதான். வீட்டில் நாள்தோறும் வைப்பது, சும்மா இருக்கும்போதே அளவு 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு. அதுவும் நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல். மருத்துவர் எழுதித் தராமல் தொடக் கூடாது.

*

தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்த பெயர். குடும்பத்தை விட்டு விலகி, நல்ல காற்றில் மாதக்கணக்கில் படுத்திருப்பதே அன்றைய வைத்தியம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அதை மாற்றியது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. 1959-ல் வந்த அந்த முடிவு உலகம் முழுவதும் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியது. அது பெரிய கருணை. ஆனால் வைத்தியத்தோடு பராமரிப்பும் வீட்டுக்கு வந்தது. மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித்தந்த அளவுக்கு, மாத்திரை முடிந்த பிறகு மூச்சை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

*

புகை வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அவளே நிறுத்திவிட்டாள். கொசுவத்திக்குப் பதில் வலை.

*

தனி டம்ளரை மட்டும் விடவில்லை. யாரும் சொல்லாமல் தானே ஒதுக்கி வைத்துக்கொண்டது. காசநோய் காற்றில் பரவுவது, டம்ளரால் பரவுவதில்லை. இப்போதோ அவளிடம் கிருமியே இல்லை. ஒருநாள் அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கினேன். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கைக்கு வந்த டம்ளரில் காப்பி குடித்தாள்.

*

உங்கள் வீட்டில் யாராவது டிபி மாத்திரை முடித்திருந்தால், மாடிப்படி ஏறும்போது அவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். இரைத்தால் "வயசாகுதுல்ல" என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போய், மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரக் கேளுங்கள்; ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். சிகிச்சை முடிந்தும் இரண்டு ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. சளியில் ரத்தம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.