சபுராளியின் கம்ப்யூட்டரும் பிறர் ஹக்கும்

வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்ற நம் சகோதரர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கட்டிவரும் பெட்டியில், முன்னாளில் டேப்ரிக்கார்டர் இருந்த இடத்தில் இந்நாளில் லேப்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கும், வரவு செலவுக் கணக்குக்கும், காரிகளின் கிராஅத்தைக் கேட்பதற்கும் அது வேண்டியதாகிவிட்டது. எந்நாட்டுக் கடைத்தெருவானாலும், விலை பேசி முடித்ததும் ஒரு சில கடைகளில் ஒரு கேள்வி எழும்: "விண்டோஸ் ஒரிஜினல் வேண்டுமா பாய், இல்லை சும்மா போட்டுத் தரட்டுமா?"

ஒரிஜினல் என்றால் பணம். சும்மா என்றால் காசில்லை, அல்லது இருபது முப்பது திர்ஹம். மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையை மனத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டு நிற்கும் ஒரு தொழிலாளி இதற்கு என்ன பதில் சொல்வது? "இதிலெல்லாமா ஹலால் ஹராம் பார்ப்பது?" என்று அருகிலிருக்கும் அறைத் தோழர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பலர் இதை ஆலிம்களிடம் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

முதலில், விற்கப்படுவது என்ன என்பதை விளங்கிக்கொள்வோம். கம்ப்யூட்டர் என்னும் கருவி தானாக எதையும் செய்யாது. அதனை இயக்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்று அதனுள் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி செய்து விற்கும் விண்டோஸ் அவற்றுள் ஒன்று. இதற்கு நாம் விலை கொடுக்கும்போது கம்பெனி நமக்கு அந்தத் தொகுப்பையே கிரயம் செய்து தருவதில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அதனைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே தருகிறது. இதுவே லைசன்ஸ், அதாவது உரிமம். வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 11-இன் உரிமத்துக்கு அமெரிக்காவில் அறிவித்துள்ள விலை 139 டாலர். திர்ஹத்தில் சுமார் 510.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். அறிவுடையோர் சொல்லும் முதல் ஆட்சேபம் இது: "ஒருவருடைய ஆட்டை நான் ஓட்டி வந்தால் அவருக்கு ஆடு இல்லாமல் போகும். இங்கோ பிரதி எடுத்தபின்பும் அசல் அவரிடமே இருக்கிறது. கையால் பிடிக்க முடியாத ஒன்று பொருளாகுமா? அதில் ஹக்கு என்ன, பறிப்பு என்ன?"

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய பேச்சன்று. நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு வேர் இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் 'மால்' எனப்படுவது மனிதர் விரும்புவதாயும், தேவைப்படும் காலத்துக்குச் சேமித்து வைக்கத்தக்கதாயும் இருக்க வேண்டும். ஒரு பொருளால் கிடைக்கும் பயனை அவர்கள் மால் என்று கொள்வதில்லை. இதனால்தான் இந்திய உபகண்டத்து மூத்த உலமாக்களுள் சிலர், நூலாசிரியர் தம் நூலின் பதிப்புரிமையை விற்பதுகூட ஆகாது என்றார்கள். அவர்கள் உலக ஆசைக்காக இப்படிச் சொன்னவர்களல்லர். நூலைப் பரவச் செய்வதே நன்மை என்று கருதியவர்கள்.

ஆனால் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய நம் கடற்கரையூர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், பயனும் மால்தான். பிறர் நிலத்தின் ஊடே நிரந்தரமாக நடந்து செல்லும் உரிமையை விலைக்கு வாங்குவது கூடும் என்று அந்த இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். நடக்கும் உரிமையை எந்தக் கையால் பிடிப்பது? ஆகவே ஷாஃபிஈ சகோதரருக்கு இந்த ஆட்சேபத்தில் ஒதுங்க நிழல் கிடையாது.

ஹனஃபீ சகோதரருக்கும் அதிக நிழல் இல்லை என்பது அடியேனின் கருத்து. ஒரு வீட்டைப் பறித்துக் குடியிருந்தவன் வாடகை தர வேண்டுமா என்ற மஸ்அலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ இமாம்கள், தர வேண்டும் என்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபின் அடிப்படைச் சட்டப்படி பயனுக்கு ஈடு இல்லை. ஆயினும் பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் மக்களின் நேர்மை குறைந்துவருவதைக் கண்டு மூன்றை விலக்கினார்கள்: வக்ஃபுச் சொத்து, அநாதையின் சொத்து, வாடகை வருமானத்துக்கென்றே ஏற்படுத்தி வைத்த சொத்து. இம்மூன்றிலும் பறித்தவன் வாடகை தந்தே ஆக வேண்டும். விண்டோஸ் எந்த வகை? அனுமதி தந்து பணம் பெறுவதற்கென்றே ஆக்கப்பட்டது. மூன்றாவது வகைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை இக்காலத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது. மேலும் ஒன்று பொருளாகக் கருதப்படுவது மக்கள் அதனைப் பொருளாகப் பாவிப்பதைக் கொண்டே என்று அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இக்காலத்து உலமாக்கள் கூடிப் பேசாத விஷயமும் அல்ல இது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. சவூதி அரேபியாவின் நிலையான ஃபத்வாக் குழுவோ கம்ப்யூட்டர் தொகுப்புகளைப் பற்றியே கேட்கப்பட்டு, உரியவரின் அனுமதியின்றிப் பிரதி எடுப்பது ஆகாது என்று விடையளித்துள்ளது.

இங்கே ஒரு வார்த்தை. சில மிம்பர்களில் இதைப் பேசும்போது கை வெட்டும் தண்டனை வரை போய்விடுகிறார்கள். அது மிகை. ஷரீஅத்தில் திருட்டுக்குரிய ஹத்துக்குப் பல ஷர்த்துகள் உண்டு. பாதுகாத்து வைத்த இடத்திலிருந்து மறைவாக எடுப்பது அவற்றுள் ஒன்று. இங்கே அவை நிறைவேறுவதில்லை. சட்டத்தை உள்ள அளவில் சொன்னால் போதும். ஹத்து இல்லை என்பதால் ஹக்கு இல்லை என்றாகிவிடாது.

இரண்டாவது ஆட்சேபம் உணர்ச்சியிலிருந்து வருவது. "அது காஃபிர்களின் கம்பெனி. கோடானு கோடி டாலர் சேர்த்து வைத்திருக்கிறது. என் ஐந்நூறு திர்ஹத்தால் அதற்கு என்ன குறையும்?"

அன்பர்களே! புகாரீ கிரந்தத்தில் ஹுதைபிய்யா உடன்படிக்கை பற்றிய நீண்ட ஹதீஸில் ஒரு செய்தி வருகிறது. முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவுமுன், அறியாமைக் காலத்தில், தம்மை நம்பி உடன் பயணம் செய்தோரைக் கொன்று அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். அண்ணலார் அவர்களின் இஸ்லாத்தை ஏற்றார்கள். அந்தப் பொருளோடு தமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கூறிவிட்டார்கள். அப்பொருளுக்குரியோர் முஸ்லிம்களல்லர். முஸ்லிம்களோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்களுமல்லர். ஆனால் வழித்துணையாக வந்தவரை நம்பியிருந்தார்கள். நம்பிக்கையை முறித்துப் பெற்ற பொருள் என்பதே அதனைத் தொடத்தகாததாக்கிற்று. தம்மைக் கொல்லச் சூழ்ந்து நின்ற குறைஷியரின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஹிஜ்ரத்தின் இரவில் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்ற வரலாற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும்.

இதிலிருந்துதான் ஃபுகஹாக்கள் சபுராளிக்கென்று ஒரு சட்டத்தை எடுத்தார்கள். முஸ்லிமல்லாதார் ஆளும் நாட்டில் 'அமான்' பெற்று, அதாவது பாதுகாப்பு வாக்குறுதி பெற்று நுழையும் முஸ்லிம், அந்நாட்டாரின் பொருளில் எதனையும் மோசடியாகத் தொடக் கூடாது. போர் நடக்கும் நாடாயினும் இதுவே சட்டம். அவர் உள்ளே விடப்பட்டதே தீங்கு செய்யமாட்டார் என்ற நம்பிக்கையின் பேரில்தானே? இன்று நம் பாஸ்போர்ட்டில் ஏறும் விசா அந்த அமானே. சிங்கப்பூரிலோ லண்டனிலோ வசிக்கும் நம் சகோதரர், அந்நாட்டுச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவேன் என்று ஒப்பியே உள்ளே போயிருக்கிறார். சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021-இல் புதிதாக இயற்றப்பட்டது. கம்ப்யூட்டர் தொகுப்புகளும் அதன் பாதுகாப்பில் அடங்கும். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஏவும் அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தை ஓதிவிட்டு, விசாவின் ஒப்பந்தத்தை நாம் வேறாக எண்ண முடியாது.

வளைகுடாவில் நிலைமை புரண்டு நிற்கிறது. அங்கே ஆட்சி முஸ்லிம்களுடையது; அமான் பெற்று வந்திருப்பது கம்பெனி. அமீரகத்தில் அது அரசின் அனுமதியோடு வாணிபம் செய்கிறது. அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதன் உரிமையைக் காக்கிறது. அமான் பெற்றவரின் பொருள் முஸ்லிமின் பொருளைப் போன்றே காப்புடையது. ஆக, எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் இந்த வாசல் அடைபட்டிருக்கிறது.

"அந்தக் கம்பெனி அநீதியாளருக்குத் துணை போகிறது, நான் அதைப் பகிஷ்கரிக்கிறேன்" என்று சொல்வோரும் உண்டு. நல்லது, பகிஷ்கரிக்கட்டும். பகிஷ்காரம் என்றால் அதன் சரக்கைத் தொடாமலிருப்பது. சரக்கை வைத்துக்கொண்டு விலையை மட்டும் கொடுக்காமலிருப்பதற்கு அரபியிலும் தமிழிலும் வேறு பெயர் இருக்கிறது.

மூன்றாவது, வறுமை. இதை அடியேன் எளிதாகப் பேச விரும்பவில்லை. லேபர் கேம்ப்பில் இரும்புக் கட்டிலில் படுத்து உழைப்பவருக்கு 510 திர்ஹம் என்பது ஊரில் ஒரு குடும்பத்தின் மாதச் சாமானுக்கு உதவும் பணம். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பதும் மார்க்கத்தின் விதியே. ஆனால் ஹலாலான வழி திறந்திருக்கும்போது நிர்ப்பந்தம் என்று பேசுவதற்கு இடமில்லை. இங்கே வழிகள் உண்டு. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உரியவர்களின் முழு மனச் சம்மதத்தோடு எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த விடப்பட்டிருக்கிறது. அதனைக் கொண்டு அமைத்த உபுண்டு போன்றவற்றில் தமிழும் எழுதலாம், அரபியும் எழுதலாம், கணக்கும் போடலாம். பழகச் சில நாட்கள் பிடிக்கும், அவ்வளவே. இன்னொன்று, புதுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸின் உரிமம் விலையோடு சேர்ந்தே வருகிறது. அத்தகைய கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கினாலும் உரிமம் அதனோடு சேர்ந்து நம் கைக்கு வரும். இதை அறியாமல், உரிமமுள்ள கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுக் களவுப் பிரதியைப் போட்டுக்கொள்வோரும் இருக்கிறார்கள். அறியாமையால் ஹலாலைக் கொடுத்து ஹராமை வாங்கும் வியாபாரம் அது.

இருபது முப்பது திர்ஹத்துக்கு 'கீ' என்று விற்கிறார்களே, அது? பணம் கொடுத்துத்தானே வாங்குகிறேன் என்று மனம் சமாதானம் சொல்லும். இத்தகைய எண்களில் பல, ஒரு கம்பெனிக்கோ கல்விக்கூடத்துக்கோ மொத்தமாகக் கொடுத்த அனுமதியிலிருந்து கசிந்தவை. அல்லது வேறொரு நாட்டுக்கென்று குறைந்த விலைக்குக் கொடுத்தவை. விற்பவருக்கு அவற்றை விற்கும் அதிகாரமே இல்லை. தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்கும் கிரயம் உரியவரைக் கட்டுப்படுத்தாது என்பது ஃபிக்ஹின் பால பாடம். "எனக்குத் தெரியாதே" என்று சொல்லலாம். ஐந்நூறு திர்ஹம் பெறுமானமுள்ளது இருபதுக்குக் கிடைக்கும்போது அந்த விலையே சாட்சி சொல்கிறது. நள்ளிரவில் ஒருவன் தங்கச் சங்கிலியை நூறு ரூபாய்க்கு நீட்டினால் நம் வீட்டுப் பெண்கள் வாங்குவார்களா? உள்ளம் பெரும்பாலும் களவென்று கருதுமிடத்தில், உறுதியாகத் தெரியவில்லை என்ற சாக்குச் செல்லாது. உண்மையான கடை குறைந்த விலைக்கு விற்பது வேறு. மாணவர்களுக்குக் கம்பெனியே தரும் சலுகை வேறு. அவை ஆகும்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சபுரிலிருந்து சிலர் தம் பழைய கம்ப்யூட்டரை ஸதக்காவாக ஊர் மதரஸாவுக்கு அனுப்பிவைக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்பவன் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. பறித்த நிலத்தில் தொழுதால் தொழுகை நிறைவேறும், பாவமும் சேரும் என்பது பெரும்பாலான இமாம்களின் சட்டம். களவுப் பிரதி உள்ள கம்ப்யூட்டரில் பிள்ளைகள் தஜ்வீது பயின்றாலும் அந்தப் பயிற்சி வீணாகிவிடாது. ஆயினும் ஹிஃப்ளு பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்தவரின் ஏட்டில் என்ன எழுதப்படும் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும். அதைத் துடைத்து, லினக்ஸைப் போட்டு அனுப்புவதற்கு ஒரு மாலைப் பொழுது ஆகும்.

இதுவரை அறியாமல் பயன்படுத்தியவர் என்ன செய்வது? மனிதர் ஹக்கில் தௌபா என்பது உரியவருக்கு அதனைச் சேர்ப்பித்தலையும் கொண்டது. உரிமம் ஒன்றை இப்போது முறையாக வாங்கினால் பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை. இன்று முடியாதவர் களவுப் பிரதியை இன்றே நீக்கிவிட்டு, வசதி வரும்போது கொடுக்கும் நிய்யத்தோடு அதனைக் கடனாக எழுதி வைக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டு உழைத்துச் சம்பாதித்த கூலி ஹராமாகிவிடுமா என்று சிலர் கலங்குகிறார்கள். ஆகாது. கூலி அவருடைய உழைப்புக்கு வந்தது.

கடைக்காரர் ஒரிஜினல் என்று சொல்லிக் களவுப் பிரதியைப் போட்டுக் கொடுத்திருந்தால், அது குறையை மறைத்து விற்றதாகும். வாங்கியவருக்கு அந்தக் கிரயத்தை முறித்துப் பணத்தைத் திரும்பப் பெறும் ஹக்கு உண்டு. ஆகவே வாங்கும்போதே ரசீதில், விண்டோஸ் உரிமத்தோடு விற்கப்பட்டது என்று எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

வல்லாஹு அஃலம்.