துப்பறிதலும் துருவுதலும்

துப்பறியும் நாவல்களை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது நம் போன்ற மதரஸா ஆசிரியர்களின் வழக்கம். ஆனால் பீட்டர் லவ்சி என்னும் ஆங்கில எழுத்தாளர் 1982இல் வெளியிட்ட 'போலி இன்ஸ்பெக்டர் டியூ' என்ற பொருள்படும் நாவல், நம்மைச் சில நாள்கள் விடாது சிந்திக்க வைத்துவிட்டது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் மொரிட்டானியா என்ற பயணிகள் கப்பலில், 1921இல் நிகழ்வதாக அமைந்த கதை அது.

கதைக்குப் பின்னால் ஒரு மெய்வரலாறு உண்டு. மனைவியைக் கொன்றதாக லண்டனில் தேடப்பட்ட டாக்டர் கிரிப்பன், 1910இல் தம் காதலிக்குச் சிறுவன் வேடமிட்டு, மகன் என்று சொல்லி, மொன்ட்ரோஸ் கப்பலில் கனடாவுக்குப் புறப்பட்டார். ஐயங்கொண்ட கப்பல் தலைவர் கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் வால்ட்டர் டியூ விரைவான வேறொரு கப்பலில் முந்திச் சென்று அவரைப் பிடித்தார். நாவலில் வரும் பல் மருத்துவரோ, தம் மனைவியைக் கொல்லத் திட்டமிட்டு, அந்த டியூவின் பெயரையே பூண்டு கப்பலேறுகிறார். இடையில் கடலிலிருந்து ஒரு பெண்ணின் சடலம் எடுக்கப்படுகிறது. பெயரைக் கண்டு மயங்கிய கப்பல் தலைவர், விசாரணையை அவரிடமே ஒப்படைக்கிறார்!

கொலை நிய்யத்தோடு வந்தவன் பிறர் குற்றத்தை ஆராயலாமா என்று நேயர்கள் கேட்கலாம். அதைவிட ஆழமான கேள்வி வேறொன்று. மாசற்ற மனிதனாகவே இருந்தாலும், பிறர் மறைவை ஆராயும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

தஜஸ்ஸுஸ், அதாவது பிறர் குறையைத் துருவித் தேடுவது, திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுக்கப்பட்டுள்ளது. ஹழ்ரத் உமர் (ரலி) ஓரிரவு ஒரு வீட்டில் பாட்டொலி கேட்டுச் சுவரேறிக் குதித்து, மதுவோடிருந்த ஒருவரைக் கண்டித்த நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்தெழுதுகிறார். நான் செய்த பாவம் ஒன்று. தாங்கள் செய்தவை மூன்று என்றாராம் அம்மனிதர். துருவியது, வாசல் வழி வராதது, ஸலாம் கூறாமல் நுழைந்தது. கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்.

அப்படியாயின் கொலைஞனையும் விட்டுவிடுவதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நாம் மறக்கலாகாது. தண்ணீருக்காகக் கீழ்த்தட்டினர் தங்கள் பகுதியில் துளையிட முனைகையில், மேல்தட்டினர் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவர். ஆனால் துளையிடுபவன் கண்ணுக்குத் தெரிகிறான், கொலைஞனோ தெரிவதில்லை. இந்த முடிச்சை ஹிஜ்ரி 450இல் மறைந்த அல்லாமா மாவர்தி ஓரளவு அவிழ்த்திருக்கிறார். மறைவான பாவங்களைத் துருவக்கூடாது. ஆனால் ஒருவனைக் கொல்லத் தனியிடத்திற்கு அழைத்துச் சென்றிருப்பதாக நம்பத்தக்கவர் சொன்னால், மீட்கமுடியாத இழப்பைத் தவிர்க்க ஆராயலாம் என்பது அவர் கருத்து. நாவலில் கொலை நடந்து முடிந்துவிட்டதே எனின், கொலைஞன் இறங்கிச் செல்ல வழியில்லாத கப்பலில் அடுத்த உயிருக்கும் அச்சம் இருக்கத்தானே செய்கிறது?

ஆகவே தேடலாம். ஆனால் இந்தச் சலுகை ஓர் அறையின் கதவைத்தான் திறக்கிறது. துப்பறியும் நாவலாசிரியர்களோ எல்லா அறைகளையும் திறந்துவிடுகிறார்கள். கள்ள உறவு, பொய்ப்பெயர், கடன் என்று கொலைக்குத் தொடர்பற்றவர்களின் அந்தரங்கமெல்லாம் வெளிப்படுகிறது. கடைசி அத்தியாயத்தில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்பார் எவருமில்லை. உண்மையைச் சொன்னால், கொலைஞன் யாரென்பதைவிட இந்த இடைச்செய்திகளில்தான் நமக்குச் சுவை மிகுதி. நாமும் அவ்வாறே படித்தோம்.

நம் காரைக்காலிலிருந்து சைகோனுக்கும், பக்கத்து நாகப்பட்டினம் வழியே பினாங்குக்கும் கப்பலேறியவர்கள் ஏராளம். அவர்களுள் ஒருவரான நம் பாட்டனார், பினாங்கிலிருந்து திரும்பிய ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. மேல்தளத்தில் ஒருவரின் பணமுடிச்சு காணாமற்போக, எல்லோருடைய பெட்டிகளையும் நடுவில் வைத்துத் திறந்தார்களாம். முடிச்சு அகப்பட்டது. ஆனால் அதற்குமுன் திறந்த ஒரு பெட்டியில் ஒரு சம்பளச் சீட்டு இருந்தது. பினாங்கில் சொந்தக் கடை வைத்திருப்பதாக ஊரில் மதிக்கப்பட்டவர், பிறர் கடையில் எடுபிடி வேலை பார்த்தவர் என்பதை அது காட்டிவிட்டது. மகளின் நிக்காஹுக்காக வந்துகொண்டிருந்தவர் அவர். நாகப்பட்டினத்தில் இறங்கி அவர் வீடு வந்து சேருமுன்பே, செய்தி தெருவுக்கு வந்திருந்தது.

திருடியவனின் பெயர் பாட்டனாருக்கு நினைவில்லை. சம்பளச் சீட்டுக்காரரின் பெயரை மட்டும், முதுமையில் எல்லாம் மறந்த பிறகும், அவர் மறக்கவில்லை. எவ்வளவு கேட்டும் நம்மிடம் சொன்னதுமில்லை.