யார் கொடுக்கும் இரண்டாம் வாய்ப்பு?

2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 110 கெஜ தூரத்தைப் பத்து முறை ஓடும் பயிற்சி. 19 வயது ஜோர்டன் மெக்நேர் ஓட்டத்தின் நடுவிலேயே தசைப்பிடிப்பில் துவண்டார். தோழர்கள் தாங்கிப் பிடிக்க, மீதி ஓட்டத்தையும் முடித்தார். தசைப்பிடிப்பு தொடங்கியதிலிருந்து அவரை மைதானத்தைவிட்டு அழைத்துச் செல்ல 34 நிமிடம் ஆனது என்றும், ஆம்புலன்ஸ் கிளம்ப ஒரு மணி 39 நிமிடம் ஆனது என்றும் பல்கலைக்கழகம் நியமித்த வல்லுநரின் அறிக்கை பின்னர் கணக்கிட்டது. அவருக்கு வந்தது ஹீட் ஸ்ட்ரோக். அதற்கான சிகிச்சைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் உடலை உடனே அமிழ்த்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. மெக்நேருக்கு அது செய்யப்படவில்லை. ஜூன் 13 அன்று அவர் இறந்தார்.

அப்போது அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டி.ஜே. டர்கின். அக்டோபர் 31 அன்று பணிநீக்கம் செய்யப்பட்டார். 2020இல் ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம் அவரைத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் இருவரில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. 2022இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அதே பொறுப்பை அவரிடம் முழுமையாகக் கொடுத்தது. 2024இல் ஆபர்ன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. தன் கண்காணிப்பில் ஒரு பிள்ளையை இழந்த பயிற்சியாளரிடம் மறுபடி பிள்ளைகளை ஒப்படைப்பது சரியா?

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு அந்தப் பதவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் பந்தைக் கொண்டுசெல்லும் பதினொருவர் தனி, அவர்களைத் தடுக்கும் பதினொருவர் தனி. தடுப்பவர்களின் முழுப் படிப்பும் தற்காப்பு ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. எதிரணியின் வியூகத்தைப் படித்து, ஒவ்வொரு முறை பந்து நகரும் முன்னும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் அவர். 2024 முதல் உயர்நிலைக் கல்லூரி ஆட்டங்களில், களத்தில் நிற்கும் தற்காப்பு வீரர் ஒருவரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வழியே பேசவும் அனுமதி உண்டு. பயிற்சியாளரின் குரல் நேராகப் பிள்ளையின் காதுக்குப் போகிறது. 2025 முதல் பெரிய பல்கலைக்கழக அணி ஒன்றில் 105 பேர் வரை இருக்கலாம். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இவர் சொல்படி ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயதினர். நாளைய ஆட்டத்தில் இடம் கிடைக்குமா என்பது இவருடைய ஒரு சொல்லில் இருக்கும்போது, மயக்கமாக வருகிறது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு நா எழும்?

டர்கின் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்டாக வேண்டும். அது லேசான நியாயம் இல்லை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. வல்லுநரின் அறிக்கை முதன்மையாகக் குறை கண்டது மருத்துவப் பணியாளர்களிடம்: அவர்கள் அறிகுறியைக் கண்டுகொள்ளவில்லை, உடலைக் குளிர்விக்கவில்லை, அவசர உதவியைத் தாமதமாக அழைத்தார்கள். அணியின் பண்பாட்டை ஆராய்ந்த தனிக்குழுவும் அதை நச்சுப் பண்பாடு என்று முத்திரை குத்த மறுத்தது. தலைமைப் பயிற்சியாளர் மருத்துவர் இல்லை. ஒரு துறையில் நேர்ந்த மரணத்துக்காக ஒருவரை அந்தத் துறையிலிருந்தே ஆயுளுக்கும் விலக்குவது என்றால், அறுவைச் சிகிச்சை அரங்கும் சுரங்கமும் விமானமும் இருக்கும் உலகில் அனுபவம் மிக்கவர் எவரும் எஞ்ச மாட்டார். கால எல்லை இல்லாத தண்டனையை நீதி என்று அழைக்கவும் முடியாது. பிழையிலிருந்து கற்றவர், கற்காதவரைவிட அதிக எச்சரிக்கையாக இருப்பார் என்பதும் உண்மைதான். இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது.

அதே தனிக்குழு இன்னொன்றையும் சொன்னது. வாய் திறக்கப் பல வீரர்கள் அஞ்சினார்கள். அதனால் பிரச்சினைகள் உள்ளுக்குள்ளேயே புரையோடின. இந்த அச்சத்தை உண்டாக்கியது ஐஸ் தொட்டி இல்லாமை இல்லை. ஓர் அணியில் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் கோழை என்று பெயர் வரும் என்பதைத் தீர்மானிப்பவர் தலைமைப் பயிற்சியாளர். அவர் உரக்கச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. யாரைப் பாராட்டுகிறார், யாரைக் கண்டு முகம் சுளிக்கிறார், தன் உதவியாளர் ஒருவர் பிள்ளையை இழிவுபடுத்தும்போது எதைப் பார்க்காததுபோல் நிற்கிறார் என்பதிலேயே எல்லாருக்கும் புரிந்துவிடும். துவண்டுவிழும் ஒருவனைத் தாங்கிப் பிடித்தாவது ஓட்டத்தை முடிக்கவைக்க வேண்டும் என்று அவனுடைய தோழர்களுக்கே தோன்றியது எப்படி? அன்பினால்தான் தாங்கினார்கள். நிறுத்து, உட்கார் என்று சொல்லும் அதிகாரம் தங்களுக்கு இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. அந்த எண்ணத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதற்கு மருத்துவப் பணியாளர் மேல் பழி போட முடியாது.

சிலப்பதிகாரம் படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பொய் சொன்னது பொற்கொல்லன். வாளை வீசியது காவலன். ஆனாலும் சிலம்பு உடைந்த கணத்தில் பாண்டியன் அவர்களில் எவர்மேலும் பழி போடவில்லை. தவற்றைத் தன்னுடையது என்று ஏற்றான். தலைமை என்பதற்கு வேறு பொருள் இருப்பதாக அந்தக் காப்பியத்துக்குத் தோன்றவில்லை. நவீன பல்கலைக்கழகம் யாருடைய உயிரையும் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது. ஆனால் பொறுப்பு மேலிருந்து கீழே வழிந்து, கடைசியில் சம்பளம் குறைந்தவரின் காலடியில் தேங்கிவிட்டால், அதை விசாரணை முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்வது தவறு. 2018 ஆகஸ்டில் மேரிலாந்து பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, சட்டப் பொறுப்பும் தார்மீகப் பொறுப்பும் பல்கலைக்கழகத்துடையதே என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட நிறுவனங்களில் அரிதாகக் கேட்கும் பேச்சு அது.

இரண்டாம் வாய்ப்பு என்ற பேச்சு எப்போதும் பயிற்சியாளரின் வாழ்க்கையை நடுவில் வைத்தே நடக்கிறது. அவர் திருந்தினாரா, அவருக்கு இன்னும் எத்தனை நாள் தண்டனை, அவரும் ஒரு குடும்பத்தின் தகப்பன்தானே என்றெல்லாம் கேட்கிறார்கள். மன்னிப்பதும் வேலை கொடுப்பதும் வேறு வேறு செயல்கள் என்பது இந்தப் பேச்சில் மறைந்துவிடுகிறது. மன்னிக்கும் உரிமை மெக்நேரின் பெற்றோருக்கு உண்டு, வேறு எவருக்கும் இல்லை. அவர்கள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், இன்னொரு பல்கலைக்கழகம் அவரைப் பணியில் அமர்த்துவது தனியான முடிவு. அதற்குத் தனியாகவே நியாயம் சொல்ல வேண்டும்.

அந்த முடிவில் ஒரு கோணல் இருக்கிறது. வாய்ப்பைக் கொடுப்பவர் ஒருவர். அதனால் ஆபத்து வந்தால் தாங்குபவர் இன்னொருவர். ஓல் மிஸ்ஸில் லேன் கிஃபினும், டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ஜிம்போ ஃபிஷரும், ஆபர்னில் ஹியூ ஃப்ரீஸும் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தபோது, தங்கள் அணிக்கு நல்ல தற்காப்பு வேண்டும் என்று அவரைச் சேர்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் அவர்கள் இழப்பது ஆட்டங்கள். மிஞ்சிப்போனால் வேலை, அதுவும் பெருந்தொகை இழப்பீட்டுடன். வெயிலில் ஓடும் பையன் பணயம் வைப்பது தன் உடலை. அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவன் அந்தக் கல்லூரியில் சேரக் கையெழுத்திட்டபோது வேறொரு ஒருங்கிணைப்பாளர் இருந்திருப்பார். டிசம்பரிலோ ஜனவரியிலோ ஆள் மாறுகிறது. புதியவர் யார், அவர் பெயரோடு எந்த மரணம் சேர்த்துப் பேசப்படுகிறது என்பதை அவன் தொலைபேசியில் வரும் செய்தி பார்த்துத் தெரிந்துகொள்கிறான். பிறர் பிள்ளையை ஈடாக வைத்துக் காட்டப்படும் தாராள மனத்தைத் தாராள மனம் என்று எப்படி ஏற்பது?

பதவி சிறியதாகத் தெரிவதும் இதற்கு வசதியாக இருக்கிறது. 2018 அக்டோபர் 30 அன்று மேரிலாந்தின் ஆட்சிக்குழு, டர்கின் தலைமைப் பயிற்சியாளராகத் தொடர்வார் என்று அறிவித்தது. மாணவர்கள் கொதித்தார்கள், வீரர்கள் சிலர் எதிர்ப்பைக் காட்டினார்கள், மாநில அரசியல்வாதிகள் பேசினார்கள். மறுநாளே லோ அவரை நீக்கினார். அதற்கடுத்த நாள் ஆட்சிக்குழுத் தலைவர் பதவி விலகினார். தலைமைப் பயிற்சியாளர் என்றதும் ஊரே கூடிக் கேள்வி கேட்டது. அதே மனிதர் ஒருங்கிணைப்பாளராக வேறு மாநிலத்துக்குப் போகும்போது அவ்வளவு பெரிய கேள்வி எழவில்லை. தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத் தலைவர் மேடை ஏறுகிறார், ஆட்சிக்குழு கூடுகிறது. துணைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளரின் விருப்பம். சில நாளில் முடிந்துவிடும். பேலர் பல்கலைக்கழகம் பாலியல் வன்முறைப் புகார்களைக் கையாண்ட விதத்தை ஒட்டி 2016இல் நீக்கப்பட்ட ஆர்ட் பிரைல்ஸை 2022இல் கிராம்ப்ளிங் ஸ்டேட் பல்கலைக்கழகம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக அறிவித்தபோது எதிர்ப்பு வலுத்தது. சில நாள்களுக்குள் அவரே விலகினார். துணைப் பதவியானாலும் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அது சான்று. கேட்பவர்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பருவ காலத்தின் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பரில் புதிய மாணவர்கள் கையெழுத்திடும் நாள்கள். அதை ஒட்டியே வீரர்கள் கல்லூரி மாறும் காலம். ஒருங்கிணைப்பாளர் இடம் ஒரு வாரம் காலியாக இருந்தாலும் நல்ல வீரர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள். முன்னணி ஒருங்கிணைப்பாளர்களின் ஆண்டு ஊதியம் இருபது, முப்பது லட்சம் டாலரைத் தொட்டுவிட்ட சந்தை அது. இந்த நெருக்கடியில் ஒருவரைப் பற்றி விசாரிப்பது என்றால் இன்னொரு பயிற்சியாளரைத் தொலைபேசியில் கூப்பிடுவது என்று ஆகிவிடுகிறது. பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் புகழ்வது இயல்பு. பலரும் ஒரே குருவிடம் வளர்ந்தவர்கள், நாளை ஒருவருக்கு ஒருவர் வேலை கொடுக்கப்போகிறவர்கள். விசாரிக்கப்படும் பயிற்சியாளரிடம் ஆடிய பழைய வீரர்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கலாம், அதே விடையும் கிடைக்கலாம். எப்படியானாலும் முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அதுவும் ஆட்டத்தில் முன்னணிக்கு வராமல் நடுவில் விலகிப்போனவர்கள்.

டர்கினை எந்தப் பல்கலைக்கழகமும் ஒருபோதும் சேர்த்திருக்கக் கூடாது என்பது இங்கே வாதம் இல்லை. சேர்ப்பவர்களுக்குக் கூடுதல் கடமைகள் பிறக்கின்றன. அந்தக் கடமைகளைப் பொதுவெளியில் காட்டாமல் சேர்ப்பது தவறு. அணியின் மருத்துவப் பணியாளர்கள் பயிற்சியாளருக்குக் கீழே இல்லாமல் பல்கலைக்கழக மருத்துவ அமைப்புக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வீரனை நிறுத்து என்று அவர்கள் சொன்னால் பயிற்சியாளர் மறுபேச்சு பேசக் கூடாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிகள் இந்தத் தன்னாட்சியை ஏற்கெனவே கோருகின்றன. ஏட்டில் இருப்பது மைதானத்தில் இருக்கிறதா என்று வெளியாள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். வீரர்கள் அஞ்சாமல் புகார் சொல்ல, அணியோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் இருக்க வேண்டும். புதிய ஒருங்கிணைப்பாளர் தன் வீரர்கள் முன் நிற்கும் முதல் நாளில், வியூகத்தைப் பற்றிப் பேசும் முன், ஜோர்டன் மெக்நேர் என்ற பெயரைத் தன் வாயால் சொல்லி, அன்று என்ன நடந்தது, தான் எதைக் கவனிக்கத் தவறினார் என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர்கள் தயங்குவார்கள். ஆனால் மாநில அரசு 2021இல் மெக்நேர் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டபின், வழக்குக்கு அஞ்சி மௌனம் காக்கும் காரணம் பெருமளவு தேய்ந்துவிட்டது.

அந்தப் பெற்றோர் மௌனமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வெப்பத்தால் வரும் ஆபத்துகளைப் பற்றிப் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் வீரர்களுக்கும் கற்பிக்கிறார்கள். மேரிலாந்து மாநிலம் 2021இல் மெக்நேர் பெயரிலேயே வீரர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இழந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வேலை கொடுப்பவர்கள் அவர்கள் அளவுக்காவது உழைத்திருக்க வேண்டாமா?

வெற்றியை விடையாகக் காட்டுவோரும் உண்டு. எதிரணிக்கு எத்தனை கெஜம் விட்டுக்கொடுத்தார்கள், எத்தனை புள்ளி விட்டார்கள் என்று பட்டியல் வருகிறது. நல்ல தற்காப்பு அமைந்துவிட்டால் பழைய விஷயத்தைக் கிளறுபவர் நச்சரிப்பவராகத் தெரிகிறார். ஒருவர் மாறிவிட்டார் என்பதற்கு அந்த எண்களில் ஒரு துளிச் சான்றும் இல்லை. 40 டிகிரி வெயிலில், நாலாவது ஓட்டத்தில், முடியவில்லை என்று ஒரு பையன் கை தூக்கினானா, தூக்கிய அவன் அடுத்த வாரமும் தன் இடத்தை இழக்காமல் இருந்தானா என்பதில்தான் அது தெரியும். அந்தக் கணக்கை எந்தப் புள்ளிவிவர நிறுவனமும் எடுப்பதில்லை.

2025 நவம்பர் 2 அன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் ஹியூ ஃப்ரீஸை நீக்கியது. ஆறு நாளில் வாண்டர்பில்ட்டுடன் ஆட்டம். அணியை யாராவது ஒருவர் உடனே நடத்தியாக வேண்டும். தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் டர்கின் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளரானார். மேரிலாந்தில் ஊரே எதிர்த்து நின்று அவரிடமிருந்து எடுத்த பொறுப்பு, தேர்வுக் குழு கூடாமல், மேடை இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவரிடம் வந்துசேர்ந்தது. பாதி அணியை அவரிடம் கொடுத்தபோதே முழு அணியும் ஒருநாள் அவர் கைக்குப் போகக்கூடும் என்பது தெரிந்த விஷயம்தான். துணைப் பதவியில் இருப்பவரை இடைக்காலத்துக்கு உயர்த்துவது அந்த ஆட்டத்தில் ஆண்டுதோறும் நடப்பது. வீரர்களின் பெற்றோரை அழைத்து உட்காரவைத்துப் பேச அந்த வாரத்தில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அதற்கு நேரம் இருந்தது 2024 ஜனவரியில், அவரை ஒருங்கிணைப்பாளராகச் சேர்த்த நாளில்.