டேங்க் நிறைந்திருந்தும் வண்டி நின்றது ஏன்?

சகரியா 4-ஆம் அதிகாரத்தை ஜெபத்தோடு வாசித்துவிட்டு இந்தச் செய்தியைத் தியானியுங்கள்.

அம்பாசிடர் காரை அறியாதவர் நம்மில் யார்? மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் இடத்தில் அது தயாரானது. 2014-ஆம் ஆண்டில் தயாரிப்பு நின்றுபோனாலும், இன்னும் சிலர் அதைப் பிள்ளையைப்போல வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பெட்ரோலில் ஓடும் அம்பாசிடரில் டேங்க் இருப்பது பின்னாலே. என்ஜின் இருப்பதோ முன்னாலே. நடுவே வண்டியின் அடியோடு ஒரு மெல்லிய உலோகக் குழாய் வருகிறது. முன்பக்கத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் அதைப் பம்போடு சேர்க்கிறது. பம்ப் பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் அந்தச் சின்ன ஹோஸ் வெடித்துப்போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்!

சகரியா கண்ட தரிசனத்திலும் குழாய்கள் உண்டு. ஒலிவ மரங்களிலிருந்து எண்ணெய் குழாய் வழியாகத்தான் இறங்குகிறது. மரம் பட்டுப்போகவில்லை, எண்ணெய் வற்றவில்லை. தேவ பிள்ளையே, பரலோகத்தில் அபிஷேகத்துக்குக் குறைவே இல்லை. அப்படியானால் நம் விளக்கு ஏன் மங்குகிறது? குழாயைக் குனிந்து பார்க்க வேண்டாமா?

முதலாவது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. பம்புக்கு முன்னே இருக்கிற ஹோஸில் வெடிப்பு விழுந்தால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருக்கலாம். பம்ப் உறிஞ்சுகிறதல்லவா, அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போய்விடும். சமதரையில் எப்படியோ ஓடும். மேட்டில் ஏறும்போது திணறி நின்றுவிடும். பிரியமானவர்களே, உலகத்தின் காற்று உள்ளே வருகிறது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறோம், கைதட்டிப் பாடுகிறோம். ஆனால் வீட்டில் குடும்ப ஜெபம் நின்று எத்தனை மாதம் ஆயிற்று? வியாதி, கடன் என்று ஒரு மேடு வரும்போதுதான் பெலன் இல்லையென்று தெரிகிறது. கர்த்தர் தன்னைவிட்டு விலகினதை அறியாமலே சிம்சோன் எழுந்தான் என்று நியாயாதிபதிகள் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எவ்வளவு பரிதாபம்!

இரண்டாவது, வெளியே ஒழுகுகிற வெடிப்பு. பம்புக்கு அப்புறம் பெட்ரோல் அழுத்தத்தோடு போகிறது. அங்கே வெடித்தால் சூடான என்ஜின்மேல் சொட்டும். இது வண்டி நிற்கிற காரியம் மாத்திரமல்ல, வண்டியே எரிந்துபோகிற காரியம். முதல் அடையாளம் வாசனை. பெட்ரோல் வாடை அடித்தால் உடனே என்ஜினை நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் நாவும் அப்படித்தான். யாக்கோபு 3-ஆம் அதிகாரம் நாவை நெருப்பு என்றே சொல்லுகிறது. வாசலில் நின்று பேசின ஒரு பேச்சினால் பற்றி எரிந்த சபைகள் உண்டு.

மூன்றாவது, பழைய ரப்பரில் புதிய பெட்ரோல். 2023-ல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டிகளின் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சில ரப்பர் அதிலே ஊறி உப்பும், இளகும், பிறகு வெடிக்கும். மத்தேயு 9:17-ல் பழைய துருத்தியையும் புது ரசத்தையும் குறித்து ஆண்டவர் சொன்னது இதுதானே! "நான் அந்தக் காலத்திலேயே அபிஷேகம் பெற்றவன்" என்று சொல்லுகிற மூத்த விசுவாசியே, அது மெய்தான், ஸ்தோத்திரம். ஆனால் இன்று உள்ளம் இறுகிப்போயிருந்தால், கர்த்தர் இன்று ஊற்றுவதை அது தாங்குமா?

சரி, என்ன செய்வது? சிலர் ஹோஸில் டேப் சுற்றுவார்கள், டேங்க் ஒழுகினால் சோப்பை வைத்துத் தேய்ப்பார்கள். அது ஊர் போய்ச் சேருமட்டும்கூட நிற்காது. நல்ல மெக்கானிக் என்ன செய்கிறார்? முதலில் என்ஜினை ஆறவிடுகிறார். பேட்டரி வயரைக் கழற்றுகிறார். பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஒன்றும் வரவிடுவதில்லை. வெடித்த இடத்தை மாத்திரமல்ல, பழைய ஹோஸ் முழுவதையும் எடுத்துப்போடுகிறார். தண்ணீர் ஹோஸை வைத்து ஒப்பேற்றாமல், எத்தனால் பெட்ரோலைத் தாங்குகிற ஹோஸையே போட்டு, புதுக் கிளிப் மாட்டுகிறார். உலோகக் குழாயில் துரு இருந்தால் அதையும் மாற்றுகிறார். கடைசியில் ஸ்டார்ட் செய்துவிட்டு, எங்காவது கசிகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.

தாவீது பாவம் செய்தபோது ஒட்டுப்போட்டுத் தரும்படி கேட்கவில்லை. சுத்த இருதயத்தைச் சிருஷ்டிக்கும்படியே கேட்டான் (சங்கீதம் 51). உன் கூடப்பிறந்த தம்பியோடு, வரப்புத் தகராறினால் ஆறு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லையா? உபவாச ஜெபத்துக்கு நூறு ரூபாய் காணிக்கை போடுவது டேப் சுற்றுகிற வேலை. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லுகிறார் ஆண்டவர் (மத்தேயு 5). சூடாயிருந்தால் ஆறட்டும், ஆனால் பொழுதுசாயும் வரைக்கும்தான் எபேசியர் 4:26-ல் தவணை. போய்க் கதவைத் தட்டு. அவன் பேசாவிட்டாலும் உன் பக்கத்துக் குழாய் திறக்கும்.

வருகிற உபவாச ஜெபத்தில் "ஆண்டவரே, ஊற்றும், ஊற்றும்" என்று கேட்கப்போகிறோம். அவர் ஊற்ற ஆயத்தம். அதற்குமுன் இந்த வாரத்தில் ஒரு நாள், கதவைப் பூட்டி, முழங்காலில் நின்று, எங்கே வெடிப்பு என்று அவரிடமே கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டினதை அன்றே மாற்றுங்கள்.

ஜெபம்: பரலோக பிதாவே, எங்கள் உள்ளத்தில் மறைந்திருக்கிற வெடிப்பை எங்களுக்குக் காட்டும். பழையதை ஒட்டவைக்காமல் புதிதாக்கும். உம்முடைய எண்ணெய் எங்கள் வழியாய் எங்கள் வீட்டுக்கும், சபைக்கும், தெருவுக்கும் தடையின்றிப் பாயட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே, ஆமென். அல்லேலூயா!