பேருந்துத் தடமும் ஒப்புரவும்

1930ஆம் ஆண்டு புனேயின் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு வாரந்தோறும் விரதங்களைப் பற்றிக் கடிதம் எழுதிவந்த காந்தியடிகள், பிறர் பொருளைக் கவர்வது மட்டுமன்று, தமக்கு மெய்யாகவே தேவைப்படாத ஒன்றை எடுத்துக்கொள்வதும் களவேயாகும் என்ற கடுமையான கொள்கையை அவற்றுள் வற்புறுத்தினார். அதே எரவாடாவிலிருந்து வாகோலி வரை, அகமதுநகருக்குப் போகும் நெடுஞ்சாலையின் நடுவே, பேருந்துகளுக்கென்றே ஒரு தடம் 2016இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அதன் ஒரு பகுதி பெயர்த்தெடுக்கவும்பட்டது. பொதுச்சாலையில் ஒரு மனிதனுக்கு உரிய நியாயமான பங்கு எவ்வளவு என்ற கேள்வி, பொறியியலைக் காட்டிலும் தர்ம விசாரத்துக்கே அதிகம் உரியது என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவில் இத்தகைய தடத்தை முதன்முதலில் அமைத்த பெருமை புனேக்கு உண்டு. 2006 டிசம்பரில் காத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்சர் ஆகிய இடங்களை இணைத்து அது தொடங்கிற்று. ஆனால் தடம் ஆங்காங்கே அறுந்து கிடந்தபடியால் பேருந்து மறுபடியும் நெரிசலிலேயே கலக்க நேர்ந்தது; நடுச்சாலையிலுள்ள நிறுத்தத்தை அடைவதற்குப் பிரயாணிகள் விரையும் வாகனங்களினூடே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. 2015இல் 'ரெயின்போ' என்ற பெயரில் வந்த புதிய தடங்களில் நிலைய மேடையும் பேருந்தின் தளமும் ஒரே மட்டத்தில் அமைந்தன. முழங்கால் வலியுள்ள கிழவி ஒருத்தி, காய்கறி மூட்டையை இடுப்பில் இடுக்கியபடி, யார் கையையும் பற்றாமல் நேராக உள்ளே நடந்து செல்வதற்கு அந்தச் சமமட்டம் ஒன்றே போதும். அந்தத் தடங்களிலேயே, தடுப்பில் சிறிது இடைவெளி கண்டதும், ஸ்கூட்டர்கள் சாரிசாரியாக நுழைந்துவிடுகின்றன.

பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பேருந்து அறுபது பேரைச் சுமக்கும் இடத்தில் மூன்று கார்கள் நிற்கின்றன. பல வேளைகளில் அவற்றுள் இருப்போர் மூவரே. காந்தியடிகளின் அளவுகோலை வைத்தால் தீர்ப்பு எளிது. டில்லியில் இதே வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012இல் பேருந்துத் தடத்துக்கு எதிரான மனு தள்ளுபடியாயிற்று. எனினும் 2016இல் அத்தடம் அகற்றப்பட்டது. சட்டம் ஒப்பிய பின்னும் ஜனங்களின் மனம் ஒப்பவில்லை.

மனம் ஒப்பும் நாளும் புனேக்கு உண்டு. ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்குப் புறப்படும் ஆலந்தி ஞானேசுவரர் பல்லக்கும் தேஹு துக்காராம் பல்லக்கும் நகரின் வழியே வந்து ஹடப்சர் பக்கமாக வெளியேறும்போது, கார் வைத்திருப்பவர்களும் முணுமுணுக்காமல் ஒதுங்கி நின்று, யாத்திரிகர்களுக்குத் தண்ணீரும் வழங்குகிறார்கள். வாரகரிகள் எனப்படும் அந்த யாத்திரிகர்கள் ஜாதி பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குவது, ஒவ்வொரு மனிதனுள்ளும் பண்டரிபுரத்துத் தெய்வமான விட்டலன் இருக்கிறான் என்ற நம்பிக்கையினால். மறுவாரம் அதே சாலையில் வேலைக்குப் போகும் அறுபது பேருள்ளும் விட்டலன் இருக்கத்தானே வேண்டும்?

ஆயினும் ஸ்கூட்டரில் போகிறவனைக் கள்வன் என்று சொல்ல என் நா எழவில்லை. பேருந்து எப்போது வருமென்று தெரியாமல் முக்கால்மணி நேரம் நின்று, வேலைக்குப் பிந்திச் சென்று, கடைசியில் கடன்பட்டு வண்டி வாங்கியவனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். அவனுக்கு அது தேவையற்ற பொருளன்று. வள்ளுவர் கள்ளாமையைத் துறவறவியலில் வைத்து, ஒப்புரவறிதலை இல்லறவியலில் வைத்ததன் நுட்பம் இங்கேதான் எனக்கு விளங்குகிறது. மனைவி மக்களோடு வாழ்கிறவனிடம் ஆசிரம விரதத்தைக் கேட்பது மிகை. ஊருக்குப் பயன்படும் ஒன்றை ஊரோடு சேர்ந்து காக்கும்படி கேட்பது இயல்பு.

ஆனால் ஒப்புரவு ஒரு பக்கத்துக் கடமையாக முடியாது. தடத்தை ஒதுக்கிவிட்டு அதில் போதிய பேருந்துகளை விடாத நிர்வாகமும் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டதாகவே ஆகும். நெரிசலில் நிற்பவன் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் தடத்தைப் பார்த்துச் சினப்பதில் நியாயம் உண்டு. புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆகிய இரு நகரங்களின் பேருந்து நிறுவனங்களும் 2007இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவ்வாறு உருவான நிறுவனம் வேளை தவறாமல் வண்டிகளை விட்ட பின்னரே, தடத்தினுள் நுழையாதே என்று அந்த ஸ்கூட்டர்காரனிடம் சொல்லும் உரிமை நகருக்கு முழுமையாகக் கிட்டும்.