பிள்ளைகள் சுமக்கும் ரகசியங்கள்

பதின்பருவத்தினருக்காக அமெரிக்காவில் எழுதப்படும் துப்பறியும் நாவல்களை இந்த வயதிலும் ஆசையோடு படிக்கிறேன். ஜெனிபர் லின் பார்ன்ஸின் ‘லிட்டில் ஒயிட் லைஸ்’ (2018) அவற்றில் ஒன்று. சாயர் என்ற 18 வயதுப் பெண் கார் மெக்கானிக். அதுவரை ஒட்டுறவில்லாத பணக்காரப் பாட்டி ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறாள். மேட்டுக்குடிப் பெண்களைச் சபைக்கு அறிமுகம் செய்யும் டெபியூடன்ட் விழாக்களில் ஒரு பருவம் கலந்துகொண்டால் பெருந்தொகை தருவதாகச் சொல்கிறாள். சாயர் சம்மதிக்கிறாள். பணத்தைவிட அவளுக்குப் பெரிய காரணம் வேறு: முகம் தெரியாத தன் தகப்பன் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் இந்த விழாக்களுக்கு இன்றும் மவுசு உண்டு. வெள்ளை கவுனும் முழங்கைக்கு மேல் ஏறிய கையுறையுமாக, வழக்கமாகத் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பெண் மேடைக்கு வருவாள். இவள் இன்னார் மகள் என்று ஊரறியச் சொல்வதுதான் விழாவின் சாரம். அப்படியானால், இன்னார் மகள் என்று சொல்ல முடியாத பிள்ளையை அந்தச் சமூகம் என்ன செய்யும்?

நாவலை மூடிவைத்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது என்னை எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸின் வாழ்க்கைக்குக் கொண்டுபோய்விட்டது.

தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் செல்வாக்கான வெள்ளையர் குடும்பம் தர்மண்ட் குடும்பம். அந்த வீட்டில் வேலை செய்த கருப்பினப் பெண் கேரி பட்லருக்கு 1925இல் எஸ்ஸி மே பிறந்தார். கேரிக்கு அப்போது 16 வயது. குழந்தையின் தகப்பன் அந்த வீட்டு மகன், 22 வயது ஸ்ட்ரோம் தர்மண்ட். பென்சில்வேனியாவில் பெரியம்மா வீட்டில் வளர்ந்த எஸ்ஸி மேயை 1941இல் கேரி எட்ஜ்ஃபீல்டுக்கு அழைத்துப்போய், ஒரு வக்கீல் அலுவலகத்தில் தகப்பன் முன்னால் நிறுத்தினார். தன் அப்பா வெள்ளைக்காரர் என்பதே அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் தெரியும்.

ஸ்ட்ரோம் தர்மண்ட் பிறகு மாநில ஆளுநரானார். 1948இல் இனப் பிரிவினையைக் காப்பதே கொள்கையாக ஜனாதிபதி தேர்தலில் நின்று நான்கு மாநிலங்களில் வென்றார். 1957இல் சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க செனட்டில் 24 மணி நேரம் 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். இதே மனிதர்தான் மகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் கொடுத்தார், ரகசியமாக வந்து பார்த்துவிட்டும் போனார். ஊரில் வதந்தி இல்லாமலில்லை. பத்திரிகைக்காரர்கள் தேடிவந்து கேட்டபோதெல்லாம் மறுத்தது மகள்தான். தகப்பன் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவருக்கான பொய்யை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்க முடியாத இடம் இது. ரகசியத்தை உண்டாக்கியவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர். குடும்ப மானம் என்று நாம் போற்றும் விஷயத்துக்குப் பல சமயம் இப்படித்தான் விலை கொடுக்கப்படுகிறது: குற்றமே செய்யாதவரின் கணக்கிலிருந்து. அந்த ஊர்ப் பெரிய வீடுகளுக்கு இது புதிதுமல்ல. தென் கரோலினா பண்ணை முதலாளி வீட்டுப் பெண்மணி மேரி செஸ்நட் 1861லேயே நாட்குறிப்பில் இதைக் குமுறலோடு பதிந்திருக்கிறார். அடுத்த வீட்டுக் கலப்பினப் பிள்ளைகளின் தகப்பன் யாரென்று சீமாட்டிகள் எல்லோருக்கும் தெரியுமாம், தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் தெரியாதாம்.

எல்லா ரகசியத்தையும் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிபட்டவர் தன் காயத்தை மூடிவைத்துக்கொள்வது அவருடைய உரிமை. அதைத் தோண்ட நமக்கு வேலையில்லை. ஆனால் அடித்தவரின் பேரைக் காப்பாற்ற அடிபட்டவரை வாய்மூடச் சொல்வது வேறு விஷயம். இந்த மௌனத்தால் நிம்மதியாகத் தூங்குவது யார் என்று கேட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். எட்ஜ்ஃபீல்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவர் கேரி அல்ல. 16 வயது வேலைக்காரப் பெண்ணால் முதலாளி மகனிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வியைக்கூட அந்த மௌனம் எழ விடவில்லை.

தர்மண்ட் 2003 ஜூனில், 100 வயதில் இறந்தார். தன் பிள்ளைகள் வற்புறுத்த, அந்த டிசம்பரில் எஸ்ஸி மே உண்மையைச் சொன்னார். அவருக்கு வயது 78. தகப்பன் குடும்பம் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. கொலம்பியாவில் சட்டமன்ற வளாகத்திலுள்ள தர்மண்ட் சிலையின் பீடத்தில் அவருக்கு நான்கு பிள்ளைகள் என்று பொறித்திருந்ததை 2004இல் ஐந்து என்று திருத்தி, எஸ்ஸி மேயின் பெயரையும் சேர்த்தார்கள். பழைய எழுத்தின் மேலேயே புதிய எழுத்தைச் செதுக்கியதால் திருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தழும்பும் சேர்ந்ததுதான் வரலாறு.

அந்தப் பெயர் அங்கே ஏற ஓர் ஆயுள் கழிய வேண்டியிருந்தது. அதுவும் அதைச் சொல்லியிருக்க வேண்டிய தகப்பன் போன பிறகு. நம் வீடுகளிலும் ‘பெரியவங்க விஷயம், உனக்கெதுக்கு?’ என்று அடக்கப்படும் பிள்ளைகள் உண்டு. தன் பிறப்பைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் பதில் அதற்குச் சேர வேண்டிய சொத்து. பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே, தன் வாயாலேயே அதைக் கொடுத்துவிட வேண்டும்.