மூச்சும் மானமும்

அச்சப்படுதல் குற்றமா என்னும் வினா மிகப் பழமையானது. வீரத்தைப் போற்றுவதிலும் அச்சத்தை இகழ்வதிலும் நம்மவர் எவருக்கும் பின்னடைந்தவரல்லர். பிள்ளை நடை பழகும் பருவத்திலேயே "பயந்தாங்கொள்ளி" என்னும் பட்டத்தை வழங்கி விடுகிறோம். அச்சமென்பது யாது, அஃது எங்கே பிறக்கின்றது, எம்மட்டும் அது நம் வசத்தில் உள்ளது என்பவற்றை ஆராய்ந்த பின்னரா அப்பட்டத்தை வழங்குகிறோம்? இல்லை. ஆராயாது சுமத்தும் பழி நீதியாகாது. ஆகையால், அச்சத்தின் இயல்பு தெளிவாக விளங்கும் ஓரிடத்திற்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அவ்விடம் கடலின் அடி.

காற்றுக்கலனை முதுகிற் சுமந்து நீரடியில் உலாவும் முக்குளிப்பு இன்று மலேசியாவில் அருமையான காரியமன்று. சிப்பாடான், தியோமான், பெர்ஹெந்தியான் முதலிய தீவுகளுக்கு இதற்கென்றே செல்வோர் பலர். 1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த குஸ்தோ என்பவரும், எமில் கன்யான் என்னும் பொறியாளரும் அமைத்த கருவியே இதற்கு வழி திறந்தது. அதன் சிறப்பு யாதெனின், மூழ்கியவன் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அவனைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவதாகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையிலிருப்பதைப் போல் நான்கு மடங்கு; மூச்சில் வரும் காற்றின் அடர்த்தியும் நான்கு மடங்கு. அடர்ந்த காற்றை இழுப்பதும் வெளியேற்றுவதும் எளிதல்ல. அவ்வாழத்தில் ஒருவன் தன் முழு முயற்சியாலும் வாங்கி விடக்கூடிய மூச்சின் அளவு, கரையில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகி விடுகிறது.

இந்நிலையில் அவன் நீரோட்டத்தை எதிர்த்து விரைந்து நீந்துவானாயின், சரீரம் கரியமிலவாயுவை மிகுதியாக உண்டாக்கும், மூச்சுத் திணறும். அப்பொழுது அவன் எண்ணுவது "காற்றுப் போதவில்லை" என்பதே. உண்மையோ வேறு. மூச்சின் வேகத்தைச் சாதாரணமாக ஆள்வது பிராணவாயுவின் குறைவன்று, நுரையீரலில் உள்ள கரியமிலவாயுவின் மிகுதியே என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே விளக்கினர். கலனிலே காற்று நிரம்ப இருக்கலாம்; வெளியேற வேண்டியது வெளியேறாமையே துன்பத்திற்குக் காரணம். அஞ்சியவன் விடும் குறுமூச்சு மூச்சுக்குழாய் மட்டும் போய்த் திரும்பி வருமேயன்றி, ஆழத்தில் தேங்கிய வாயுவை அப்புறப்படுத்தாது. அதனால் திணறல் மிகும். திணறல் அச்சத்தை வளர்க்கும். அச்சம் மூச்சை மேலும் குறுக்கும். இச்சுழலை அறுக்கும் வழி ஒன்றே. அசைவை நிறுத்தி, மூச்சை மெல்லவும் நீளவும் வெளியே விட வேண்டும்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. சரீரம் பொய் சொல்லவில்லை. "ஏதோ கேடு நேர்ந்துவிட்டது" என்று அது உரைத்தது மெய்யே. கேட்டின் காரணத்தைத்தான் அது மாற்றி உரைத்தது. அச்சம் நேர்மையுள்ள சாட்சி. ஆனால் நல்ல நீதிபதியன்று. சாட்சியை அவமதித்து விரட்டுவதும் தவறு. அதனிடமே தீர்ப்பை ஒப்படைப்பதும் தவறு.

தீர்ப்பை அதனிடம் ஒப்படைத்த நிலைக்கே பீதி என்று பெயர். பீதி கொண்டவன் வாயிலுள்ள காற்றுக் கருவியைத் தானே பிடுங்கி எறிவதுண்டு; மூச்சை அடக்கிக்கொண்டு மேல் நோக்கிப் பாய்வதுண்டு. 10 மீட்டர் ஆழத்தில் நிறைத்த காற்று நீர்மட்டத்தில் இருமடங்காக விரியும். அடைபட்ட நுரையீரல் கிழிய, காற்றுக் குமிழிகள் இரத்தத்திற் கலந்து மூளையைத் தாக்கும். கலனில் காற்று மீந்திருக்கவே மாண்டோர் உண்டு. உயிரைக் காக்க எழுந்த இயல்பே உயிரைக் கொள்ளை கொள்ளும் விபரீதம் இது.

நிற்க. இத்தகையவனைக் கோழை என்று இகழலாமா? பழியை யார் கணக்கில் எழுதுவது?

பீதி பிடித்த அந்தக் கணத்தில் அவனிடம் குற்றம் காண்பது காய்ச்சலில் பிதற்றுகிறவனிடம் இலக்கணப் பிழை காண்பதை ஒக்கும். அவ்வேளையில் அறிவு அவன் வசத்தில் இல்லை. கல்வியும் இதற்கு விலக்கல்ல. 1939 ஜூன் மாதத்தில் லிவர்பூல் விரிகுடாவில் "தீட்டிஸ்" என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். அதன் பின்னர், முன் சொன்ன ஹால்டேனின் குமாரரும் பெரும் விஞ்ஞானியுமாகிய ஜே. பி. எஸ். ஹால்டேன், சில தொண்டர்களுடன் எஃகு அறையொன்றில் அடைபட்டிருந்து, கெட்ட காற்று மனிதனை என்ன செய்கிறதென்பதைத் தம் உடம்பிலேயே சோதித்தார். தந்தையின் ஆராய்ச்சி முழுதும் அறிந்திருந்த அவருக்கும் மூச்சு இரைக்கத்தான் செய்தது. அறிவு திணறலை ஒழிப்பதில்லை. திணறல் வரும்போது அதன் பெயரைச் சொல்ல உதவுகிறது. அதுவே பெரிய உதவி.

ஆனால் பீதிக்கு முன்னே ஒரு காலம் உண்டு. அச்சம் வந்துவிட்டது, அறிவு இன்னும் போகவில்லை என்னும் சிறு இடைவெளி அது. சில வேளை சில நிமிஷம், சில வேளை சில மூச்சு. ஒழுக்கத்தின் கேள்வி முழுதும் அவ்விடைவெளியிலேயே அடங்கியுள்ளது என்பது நமது அபிப்பிராயம். அப்பொழுது அவன் துணைவனுக்குக் கை காட்டலாம். விரித்த கையை இப்படியும் அப்படியும் அசைத்தால் "ஏதோ சரியில்லை" என்று பொருள். கட்டைவிரலை உயர்த்தினால், கரையில் வழங்குவது போல் "நன்று" என்பதன்று, "மேலே போவோம்" என்று பொருள். இவ்வளவு எளிய சைகையைச் செய்ய ஏன் கை எழுவதில்லை? "நம்மால் மற்றவருடைய செலவு வீணாகுமே, நாளை படகில் நகைப்பார்களே" என்னும் எண்ணமே கையைப் பிடித்துக்கொள்கிறது. நீரின் அழுத்தத்திற்கு மேலாக ஊராரின் அழுத்தமும் அவன் மார்பின் மீது ஏறி நிற்கிறது.

இவ்விதம் வாய்மூடி இருப்பது அவனவன் சொந்த விஷயம் என்று கருதுவோர் நன்கு யோசிக்க வேண்டும். பீதி கொண்டவன் அருகிலிருப்பவனின் முகக்கவசத்தையும் காற்றுக் கருவியையும் பற்றி இழுப்பான். நீர்மட்டத்தில் மீட்க வந்தவன் மேலேயே ஏறி அவனை அமிழ்த்துவான். ஆகவேதான் மீட்பவர்கள் பின்புறமாக அணுகப் பயிற்றப்படுகின்றனர். மானத்திற்காக மறைக்கப்பட்ட அச்சம், குற்றமற்ற மற்றோர் உயிரைப் பணயம் வைப்பதாகும். அப்படியாயின், உரிய காலத்தில் "எனக்கு இயலவில்லை" என்பது பலவீனமல்ல. துணைவனுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

இக்கடனைச் செலுத்த இடங்கொடுப்பது மற்றவரின் கடன். நீரடிக் குகைகளில் மூழ்குவோர் உலகில் அபாயத்தை மிக நெருங்கிக் கண்டவர்கள். அவர்களிடையே ஒரு விதி வழங்குகிறது: எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்தினாலும் முக்குளிப்பை முடித்துக்கொள்ளலாம், காரணம் கேட்டல் கூடாது, பின்னர் ஏளனமும் கூடாது. தைரியத்தில் சிறந்தோர் இயற்றிக்கொண்ட விதி இது என்பதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

"அச்சத்திற்கெல்லாம் பணிந்தால் எவன்தான் கடலில் இறங்குவான்? அஞ்சாமையன்றோ மனிதனை உயர்த்தியது?" என்று சிலர் கேட்கலாம். இது தள்ளத்தக்க கேள்வியல்ல. ஒவ்வொரு நடுக்கத்திற்கும் திரும்பி ஓடுபவன் எதையும் கற்கமாட்டான். ஆனால் நாம் சொல்வது அதுவன்று. நின்று, மூச்சை நீள விட்டு, சிந்தித்து, பின்னர் செயல்படுக என்பதே முக்குளிப்போருக்குக் கற்பிக்கப்படும் பாடம். அப்படிச் செய்து தெளிந்தவன் தொடர்ந்து செல்லட்டும்; தெளியாதவன் மெதுவாக, மூச்சை அடக்காமல், துணைவனுடன் மேலே வரட்டும். நாளை மீண்டும் இறங்க உயிர் வேண்டும். வள்ளுவரும் அஞ்சத்தக்கவற்றிற்கு அஞ்சுதலைப் பற்றிய குறளைப் படைச்செருக்கில் வையாது, அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். அச்சத்தை அறிவின் இனத்தோடு சேர்த்த சமுதாயம் நமது; அதனைக் கோழைமையோடு சேர்த்தது பிற்காலத்து வீண் பெருமை.

கடலுக்குச் செல்லாதவருக்கும் இதில் பங்குண்டு. பரீட்சைக்கு அஞ்சும் மாணவன், பிரசவத்திற்கு அஞ்சும் பெண், கடனுக்கு அஞ்சும் தகப்பன் ஆகியோர் நம் இல்லங்களில் நீரடியில் இருப்பவர் போல் மௌனமாக இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் கை அசைத்தால், "இதற்கா பயம்?" என்று கேளாதிருப்போமாக. முதலில் அவர் அருகில் சென்று, நீள மூச்சு விடும் வரை உடன் நிற்போமாக. காரணத்தைக் கரை சேர்ந்த பின் கேட்டுக்கொள்ளலாம்.